ஐந்நூறு ரூபாய் டீ

போன வாரம் வில்லியனூர் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்பை முடித்துவிட்டுக் கிளம்பினேன். பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் போனை நீட்டி, "அக்கா, இதப் பாருங்க" என்றான். ஓர் அரசியல்வாதி ரோட்டோரக் கடையில் காரை நிறுத்தி டீ குடிக்கிறார். 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கடைக்கார அம்மா சில்லறை தேட, "இருக்கட்டும்மா, வச்சுக்க" என்கிறார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். பின்னணியில் சினிமாப் பாட்டு.

"எவ்ளோ நல்ல மனுஷன்ல?" என்றான் தம்பி.

டீ 12 ரூபாய் என்றால் மீதி 488. அதைக் கொடுத்து அவர் என்ன வாங்கினார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க எல்லாரோட ஸ்டேட்டஸையும்" என்றான். வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அவருக்கு அது ஒரு காலை வியாபாரம். வாங்கத்தான் வேண்டும். காசு வாங்கி ஏழைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. பாகூர் பக்கம் பறையடித்தவர். சாவு வீட்டில் பேசிய கூலிக்கு மேலே பத்தோ இருபதோ, கையில் கைபடாமல் உயரத்திலிருந்து போடுவார்கள். அதற்குப் பெயர் இனாம். தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டுக் குனிந்து வாங்க வேண்டும். ஒரு வருஷம் நாலைந்து பேர் சேர்ந்து கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். கூலி கூடவில்லை, இனாம் நின்றுபோனது. பொங்கலுக்குக் கொடுக்கும் வேட்டியும் நெல்லும் சேர்ந்து நின்றன. கூட்டித்தர மறுத்தவரைப் பற்றி தாத்தா கடைசிவரை, "மகராசன், கை தாராளம்" என்றுதான் சொன்னார். சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை.

எம்.ஏ. படிக்கும்போது மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் கொடைபற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொடுப்பது வாங்குகிறவரைக் கடன்காரராக்குகிறது. திருப்பித்தர வழியில்லாதவர் கொடுத்தவருக்குக் கீழே போய்விடுகிறார் என்கிறார். தாத்தா இடுப்புத் துண்டோடு கண்முன் நின்றார். எம்.ஜி.ஆர். எப்படி ஏழைகளின் வள்ளலாக உருவாக்கப்பட்டார் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பிம்பத்துக்கும் ஏழைகளுக்கு ஆட்சியில் உண்மையில் கிடைத்ததற்கும் நடுவில் இருந்த தூரத்தைத்தான் அவர் அளந்தார். மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். முதல்வர் ரங்கசாமியின் எளிமை புதுச்சேரிக்கே தெரியும். 2021 தேர்தலில் ஓட்டுப்போட மோட்டார் பைக்கில் வந்தார். எல்லா ஊடகத்திலும் அந்தப் படம்தான். அது வேஷம் என்று நான் சொல்லவில்லை, அவர் சுபாவமாகவே இருக்கலாம். ஆனால் பைக்கைப் பார்த்த கண்ணால் இதையும் பாருங்கள். புதுச்சேரி, காரைக்காலில் வில்லியனூர், பாகூர் உட்பட 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், அவற்றின் கீழ் 98 கிராமப் பஞ்சாயத்துகள். 1968க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். இடையில் 38 வருஷம். அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு ரங்கசாமி ஆண்டார், நாராயணசாமி ஆண்டார், மறுபடி ரங்கசாமி வந்தார். 2021இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டு வழக்கில் சிக்கி நின்றுபோனது. அதிகாரிகளே நிர்வாகம் செய்கிறார்கள்.

இதில் யாருக்கு நட்டம்? அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்பப் பஞ்சாயத்து இடங்களை ஒதுக்குகிறது; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2011 கணக்குப்படி புதுச்சேரியில் நாம் ஏறத்தாழ 16 சதவீதம். காலனியிலிருந்து ஒரு பெண் வார்டு உறுப்பினராகி, அதிகாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த நாற்காலியே இல்லாததால், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அங்கே போய் நின்றால் எதுவும் தயவாகத்தான் வரும்.

அரிசியும் அப்படித்தான் ஆனது. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. 2024இல் திறந்தபோது தீபாவளிக்கு இலவச அரிசி, சர்க்கரை என்று திறந்தார்கள். மாதாமாதம் வாங்க வேண்டிய பொருள் பண்டிகைப் பரிசாக வந்தது.

போன மழையில் நாங்கள் வேலை செய்யும் ஒரு தெருவில் பெரியவர் ஒருவர் இறந்தார். கட்சிக்காரர் ஒருவர் மாலையோடு வந்து, குடும்பத்தின் கையில் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தப் பணம் உதவியது உண்மை. அதன் பிறகு சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பாதைக்காக மூன்று முறை மனு கொடுத்தோம், பதில் இல்லை. சாவுக்கு வந்த சனம் திரும்பும்போது 5,000 ரூபாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனது. ஈர வேட்டியோடு நானும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

வீடியோ காட்டிய தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இப்ப நம்ம என்ன கேக்கணும்?" என்றான்.

அட்டவணை இனத்தவருக்கான சிறப்பு நிதியில் கடந்த ஐந்து வருஷத்தில் இந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்தது, என்ன வேலை நடந்தது, சுடுகாட்டுப் பாதை எந்தத் திட்டத்திலாவது இருக்கிறதா. வரும் ஞாயிற்றுக்கிழமை தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத உட்காருகிறோம். மனுவை அவன் கையால்தான் எழுதப்போகிறான். கட்டணம் 10 ரூபாய், அந்த டீயைவிட இரண்டு ரூபாய் குறைவு. வில்லியனூர், பாகூர் பக்கம் இருக்கும் தோழர்கள் வந்தால் உங்கள் தெருவுக்கும் சேர்த்து எழுதிவிடலாம்.