பூ ஏன் மூடிக்கொண்டது?

"தாத்தா, பூ விரியுது, உடனே மூடுது, மறுபடியும் விரியுது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று கண் கலங்க வந்து நின்றாள் பேத்தி.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக நம் ஓசூர் ரோஜா மொட்டு ஒன்று மலர்வதை அனிமேஷன் போலச் செய்ய ஆசைப்பட்டாள். போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, சார்ஜரைச் செருகி, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று நாற்பது மணி நேரம் எடுத்தாள். இரண்டு ராத்திரியும் அந்த அறையில் ட்யூப்லைட் அணையவில்லை. மொத்தம் 240 படங்கள். அவற்றை அனிமேஷன் மென்பொருளில் ஏற்றியபோதுதான் இந்தக் கூத்து. பூவோ உதிர்ந்துவிட்டது. கண்காட்சிக்கு இரண்டே நாள்.

கடைக்காரர் ஒருவர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பழைய கம்ப்யூட்டர் சார், தாங்காது. 65,000 ரூபாய்க்குள் புதுசு முடிச்சுடலாம்." எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்து களைத்துப்போயிருந்த என் மகன், சரி என்று சொல்லும் நிலையில் இருந்தான். ஒரு நாள் பொறு என்றேன்.

நான் தொழிற்சாலையில் இருந்தது இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில். லைன் நின்றால் எல்லோரும் முதலில் மெஷினைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் கோளாறு வாசலில் வந்து இறங்கிய சரக்கில் இருக்கும். அனிமேஷன் எனக்குத் தெரியாது. ஆனால் வந்த சரக்கைச் சோதிக்கத் தெரியும்.

முதலில் எண்ணச் சொன்னேன். 237தான் இருந்தது. மூன்று படங்கள் போனிலேயே தங்கிவிட்டன. அவற்றையும் கேபிள் போட்டு எடுத்தோம். வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தால் படத்தின் அளவு சுருங்கி, பெயரும் மாறியிருக்கும்.

அடுத்து பெயர்கள். ரோஜா1, ரோஜா2 என்று ரோஜா240 வரை. ஃபோல்டரில் பார்த்தால் வரிசை சரியாகவே தெரிந்தது. அங்கேதான் ஏமாந்தோம். சில மென்பொருள்கள் எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல எழுத்து எழுத்தாக அடுக்குகின்றன. அப்படி அடுக்கினால் 1, 10, 100, 101 என்று போய், 109க்குப் பிறகு 11 வரும், அதற்குப் பிறகு 110. பாதி விரிந்த பூவுக்குப் பின்னால் மொட்டு வந்தால் மூடியது போலத்தானே தெரியும்?

ஒரிஜினல் படங்களை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மற்றொன்றில் 0001, 0002, 0010, 0240 என்று எல்லாவற்றுக்கும் நான்கு இலக்கம் கொடுத்தோம். பூ ஒழுங்காக விரிந்தது.

இன்னும் ஒரு குறை. இருபது வினாடி இசை வைத்திருந்தாள், பூவோ பத்தே வினாடியில் விரிந்து முடிந்தது. சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம். பிளெண்டர் போன்ற மென்பொருள்களிலும் நாம் மாற்றாதவரை அந்தக் கணக்குதான். 240ஐ 24ஆல் வகுத்தால் பத்து. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிற்க வைத்ததும் இருபது வினாடி வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்பே பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்துக் காட்டினார். அவருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. ஃபிலிம் சுருளில் ஒரு படத்தோடு அடுத்த படம் ஒட்டியே இருக்கும், வரிசை தானாகக் காக்கப்படும். கணினியில் ஒவ்வொரு படமும் தைக்காத தாள். அதன் பெயர் ஒன்றுதான் நூல்.

என் கருத்து இதுதான். நம் ஊரில் ஒரு போல்ட்டுக்குக்கூட பார்ட் நம்பர் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு, ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்க நாம் கற்றுக்கொடுக்கவில்லை. போன் எல்லாவற்றையும் தானே அடுக்கிக் காட்டுவதால், அடுக்குவது ஒரு வேலை என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கோளாறு வந்ததும் புதுசு வாங்கு என்கிறோம். பணம் போனால் சம்பாதிக்கலாம். "எனக்கு இது வராது" என்று பிள்ளை ஒதுங்கிவிட்டால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

கணினிப் பாடத்தில் முதல் வாரம் இதைச் சொல்லித்தரட்டும்: எண்ணு, பெயர் வை, நகல் எடு, அப்புறம் ஏற்று. வீட்டில் சொல்ல நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம். கம்ப்யூட்டர் தெரியாதே என்று கூச வேண்டாம். ஸ்டோர் ரெஜிஸ்டர் எழுதியவருக்கும், வங்கி லெட்ஜர் பார்த்தவருக்கும் இது தெரிந்த வேலைதான்.

கண்காட்சியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது அடுத்த படத்துக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்டிருக்கிறாள். முதல் படத்தின் பெயர் 0001.