அது கலை இல்லை, டெவலப்பர் ஆறிப்போச்சு

போன டிசம்பரில் குளியலறையை இருட்டாக்கி ஒரு கலர் பிரிண்ட் போட்டேன். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் படம். காய்ந்ததும் பார்த்தால் நிழல்களெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தன. கறுப்பு கறுப்பாகவே இல்லை. ஸ்கேன் செய்து நண்பர்கள் குழுவில் போட்டேன். "கனவு மாதிரி இருக்கு ப்ரோ." "இதான் அனலாக்கோட மேஜிக்." நானும் வெட்கமில்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அம்மா மட்டும் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் அன்னிக்கு அரக்குச் சேலைல்ல கட்டியிருந்தேன்? இது என்னடா நாவப்பழக் கலர்ல இருக்கு?" என்றார்.

அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

நடந்தது இது. ஆர்ஏ-4 முறையில் கலர் பேப்பருக்கு டெவலப்பர் 35 டிகிரி செல்சியஸில் 45 விநாடி. பேப்பரில் மூன்று அடுக்குகள்: மேலே சயான், நடுவே மெஜந்தா, அடியில் மஞ்சள். டெவலப்பர் ஆறினால் வினை மந்தமாகும்; அதே 45 விநாடிக்குள் அடியடுக்கில் வேலை முடியாது. மஞ்சள் குறைந்தால் நீலம் தூக்கும். என் பாட்டிலில் டெவலப்பர் 35-ல்தான் இருந்தது. ஆனால் அதில் 100 மில்லியை, 25 டிகிரியில் கிடந்த டிரம்முக்குள் ஊற்றினேன். டிரம் சூட்டைக் குடித்துவிட்டது. வெளியே கொட்டும்போது அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்கவில்லை.

அதைவிட மோசம் அடுத்து நடந்தது. நீலமாக வருகிறதே என்று என்லார்ஜரில் மஞ்சள் ஃபில்டரை 10 யூனிட் குறைத்தேன். அடுத்த பிரிண்ட் மஞ்சளாக வந்தது. ஏனென்றால் வெந்நீரில் கழுவிய டிரம் அப்போது சூடாக இருந்தது. ஃபில்டரை ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் டிரம் ஆறிவிட்டது. மறுபடி நீலம். ஒரே இரவில் எட்டு ஷீட் காலி, பேப்பரோ இறக்குமதி. சர்வர் ஆடிக்கொண்டிருக்கும்போது கோடைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படிச் செய்தால் சும்மா விடுவேனா?

'மேஜிக்' கட்சியோடு என் சண்டை இங்கேதான். வெப்பநிலை நிலையாக இல்லாவிட்டால் பிரிண்ட் உங்களுக்கு எதையுமே சொல்லாது. ஃபில்டர் தப்பா, எக்ஸ்போஷர் தப்பா, அன்றைய வெளிச்சமே அப்படியா? தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அதற்குக் கனவு என்றும் கவிதை என்றும் பெயர் வைக்கிறோம். விபத்தைக் கொண்டாடுபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அதே விபத்தை நாளைக்கும் நிகழ்த்திக் காட்ட முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் தேர்வு, கும்பிடுகிறேன். முடியாது என்றால் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் இல்லை, ஆறிப்போன டெவலப்பர்.

எதிர்முகாமையும் விட்டுவைக்கப் போவதில்லை. 0.1 டிகிரி துல்லியம் இல்லாமல் கலரைத் தொடாதே, தெர்மோஸ்டாட் வைத்த இயந்திரம் வாங்கு என்கிறவர்கள். அந்தக் கறார் சி-41-இல் நெகட்டிவ் கழுவும்போது நியாயம்; அங்கே 37.8 டிகிரி, விலகல் 0.15-க்குள். பேப்பர் அவ்வளவு கோபக்காரன் இல்லை. வினை கிட்டத்தட்ட முடியும்வரை ஓடுவதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையிலேயே 2 நிமிடம் வைத்து நல்ல பிரிண்ட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 35 என்பது கடவுள் சொன்ன எண் இல்லை. எந்த எண்ணாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணாக இருக்கணும், அவ்வளவுதான்.

அதற்குப் பெரிய செலவில்லை. மீன் தொட்டி ஹீட்டர் வாங்கினேன். அது 34-லேயே நின்றுகொண்டது. கடைசியில் உதவியது பெரிய பிளாஸ்டிக் டப்பும் 15 லிட்டர் தண்ணீரும்தான். அவ்வளவு தண்ணீர் லேசில் ஆறாது. பாட்டில்களை அதற்குள் நிறுத்தி வையுங்கள். டிரம்முக்குள் 35 டிகிரித் தண்ணீரை ஒரு நிமிடம் ஊற்றிவைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் டெவலப்பர். போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு, இரண்டும் நோட்டில்.

புத்தகத்தை அப்படியே நம்பவும் முடியாது. அவர்களுக்கு அறை என்றால் 20 டிகிரி. தண்ணீரை எப்படிச் சூடாக்குவது என்பதுதான் அவர்கள் கவலை. சென்னையில் மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். ஆற வைக்க ஐஸ் தேட வேண்டியிருக்கும். நம் ஊருக்கான எண்ணை நம் தெர்மாமீட்டர்தான் சொல்லும்.

ஜனவரியில் மறுபடி போட்டேன். ஃபில்டரை ஒரே ஒரு தடவைதான் மாற்றினேன். மூன்றாவது ஷீட்டில் சேலை அரக்காக வந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"ம்... இதான். ஆனா முகமே தெரியலையே, இருட்டா இருக்கே?"

அது எக்ஸ்போஷர். ரெண்டு செகண்ட் குறைக்கணும். இப்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது.