அயலார் திறக்கும் கதவு நமக்கு வேண்டா!

பதுளையில், பசறை வீதியோரம், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிமிர்ந்து நிற்கிறது. 2005ஆம் ஆண்டிலே அரசு நிறுவிய அக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டநெறி உண்டு. நாற்புறமும் ஸ்பிரிங்வெலி, தெமோதரை, நமுனுகுலை, லுணுகலை என்று தேயிலை மலைகள். அம்மலைகளிலே கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை அக்கழகத்தின் வாயிலைக் கடப்பதோ இன்றும் அருமையிலும் அருமை! தேயிலையை ஆராயப் பல்கலைக்கழகம் உண்டு; தேயிலையைப் பறித்தவளின் மகளுக்கு அங்கே இடமில்லை. இது முறையா?

முறையன்று என்பதை எவரும் ஒப்புவர். ஆனால், பரிகாரம் யாதெனக் கேட்டால் ஒரு சாரார் விந்தையான விடை பகர்கின்றனர். "அரசை நம்பிக் காத்திருந்தது போதும். அரபு நாடுகளைப் பாருங்கள்! பெய்ரூத்திலும் கெய்ரோவிலும் சார்ஜாவிலும் அமெரிக்க முறையிலே தனியார் பல்கலைக்கழகங்கள் தழைக்கின்றன. அத்தகைய ஒன்று மலையகத்துக்கு வந்தால் குறை தீரும்" என்பது அவர்தம் வாதம்.

வாதத்தை நேர்மையோடு எடைபோடுவோம். பெய்ரூத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. 1866இல் தானியேல் பிளிஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தொடங்கிய கல்லூரியே 1920இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் மருத்துவத்தையும் அரபு மொழியிலேயே கற்பித்தது. 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் சாசனம் உருவானபோது, அங்குக் கூடிய பேராளருள் 19 பேர் அக்கழகத்தின் மாணாக்கர். இவை சிறிய சாதனைகளல்ல.

ஆனால் இந்தப் பாடத்தைத் தமிழன் பெய்ரூத்திலே போய்ப் படிக்கவேண்டியதில்லை. பெய்ரூத்துக்கு 43 ஆண்டுகள் முன்னரே, 1823இல், அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் சாலை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல்வர். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானசாத்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்சாலையின் பிள்ளைகளே.

அத்துணைச் சிறப்புடைய கலாசாலைக்கு நேர்ந்தது என்ன? 1855இல் மூடினர்! அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி மதப்பணிக்கு உதவவில்லையெனக் கண்டது, கதவு அடைபட்டது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் தேவை அங்கே அளவுகோலாகவில்லை.

பழங்கதை என்று தள்ளுவோர் 2024ஐ நோக்கட்டும். கட்டார் நாட்டில் 2003 முதல் இயங்கிவந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் கிளையை 2028க்குள் மூடிவிடுவதென அதன் ஆளுநர் சபை அவ்வாண்டு பெப்ரவரியில் முடிவு செய்தது. முடிவு பிறந்த இடம் டோகாவன்று, டெக்சாஸ். எண்ணெய்ச் செல்வம் கொழிக்கும் கட்டாருக்கே இந்த நிலையெனில், ஊவாவின் லயத்துப் பிள்ளைக்கு எவர் பிணை நிற்பார்? அயலார் திறந்த கதவை அயலாரே அடைப்பர். உள்ளே நிற்பவனின் கண்ணீர் அவர்தம் கணக்கேட்டில் ஏறாது.

கட்டணம் யார் கட்டுவது?

வந்தாலும் யாருக்கு வரும்? இத்தகைய கழகங்களிலே ஆண்டுக் கட்டணம் பல்லாயிரம் டொலர். 2020 டிசம்பரில், கட்டணத்துக்கான டொலர் மதிப்பை உயர்த்தியபோது, பெய்ரூத் மாணவரே வீதிக்கு வந்தனர். நம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலியாக 2024இல் நிர்ணயித்த தொகையோ 1350 ரூபா. ஐந்து டொலருக்கும் குறைவு! அந்தக் கூலியில் எந்தத் தகப்பன் மகனை அனுப்புவான்?

அரபு நாட்டை அறியாதவரல்லர் ஊவாவின் தாய்மார். பட்டம் பெறவா போனார்கள்? பாத்திரம் கழுவப் போனார்கள்! லெபனானின் பேச்சு வழக்கிலே "சிறிலங்கிய்யா" என்னும் சொல்லே வீட்டு வேலைக்காரி என்று பொருள்படும் அளவுக்கு இத்தீவின் பெண்கள் அங்கே உழைத்தார்கள். பல்கலைக்கழகம் செழித்த அதே பெய்ரூத்திலே அவர்கள் அடுப்படியில் நின்றார்கள். அந்த முறையையா பசறைக்கு இறக்குமதி செய்யச் சொல்கிறீர்கள்?

கடன்பட்டவன் யார்?

வட்டுக்கோட்டையிலே சாலை எழுந்த அதே 1820களில்தான் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் முளைத்தன. தமிழகத்து ஏழைகள் கூலிகளாக நடத்தி வரப்பட்டனர். ஒரு தமிழனின் கையில் ஏடு. மற்றத் தமிழனின் கையில் மண்வெட்டி! 2023இல் இரண்டுக்கும் இருநூறு ஆண்டு. 1945இல் நாடு இலவசக் கல்வி கண்டபோது தோட்டப் பள்ளிகள் துரைமாரின் தயவிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். 1948இல் பறித்த குடியுரிமையின் எச்சத்தைத் தீர்க்க 2003 வரை சட்டம் இயற்றவேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் பறித்த தேயிலை இன்றும் ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தருகிறது. கடன்பட்டது அரசு. அக்கடனை மறந்து, "தனியாரிடம் காசு கொடுத்துக் கல்வி வாங்கு" என்பது வஞ்சனை.

ஆகவே நாம் கேட்பது இவை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான இடங்கள் மாவட்ட வாரியாகப் பங்கிடப்படுகின்றன. பதுளை நகரத்துப் பெரும் பாடசாலையோடு, விஞ்ஞான ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலை ஒரே தட்டில் நிறுக்கப்படுகிறது. தோட்டப் பாடசாலைகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் அவற்றுக்கு ஆசிரியரும் வேண்டும். ஊவா வெல்லஸ்ஸவில் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். எனவே தமிழிற் கற்றுவரும் பிள்ளைக்கு ஓராண்டு ஆயத்தக் கல்வியும் விடுதியும் வேண்டும். அங்கே பயிலும் தோட்டப் பிள்ளைகளின் தொகையை அரசு ஆண்டுதோறும் வெளியிடவேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் மருத்துவரே, சட்டத்தரணியே, பொறியியலாளரே! வட்டுக்கோட்டை மூடப்பட்டபின் நம்மவர் சும்மா இருக்கவில்லை. முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைக் கண்டனர். அவர்களுக்குக் காணி இருந்தது, வருவாய் இருந்தது. லயத்திலே வாழ்பவனுக்கு ஏது காணி? 1948இல் அவனுடைய குடியுரிமைக்காகக் கட்சியையே முறித்துக்கொண்டு வெளியேறினார் செல்வநாயகம். அவர் பெயரைச் சொல்லும் நாம் அவனுடைய பிள்ளையின் கல்விக்காகக் குரல் எழுப்பவும் தயங்குவதா?

கமக்காரரே! விதைநெல்லை அயலானிடம் அடகு வைப்பவன் அடுத்த போகத்துக்கும் அவன் வாசலிலேதான் நிற்பான் என்பதை உமக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கல்வி ஓர் இனத்தின் விதைநெல். அதை விலைக்கு வாங்கும் நிலை மலையகத்துக்கு வேண்டா. பதுளையிலே அரசின் கழகம் ஏற்கெனவே நிற்கிறது. அதன் கதவு லயத்துப் பிள்ளைக்குத் திறக்கட்டும்! திறக்கும்வரை தட்டுவோம்!