தோற்ற மாட்டை ஏன் சுடுகிறார்கள்?

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் வெளிவந்த குறுநாவல். மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ 2023 ஜூனில் திரைக்கு வந்த படம். இரண்டுக்கும் நடுவே 64 ஆண்டுகள். எழுதியவர்களின் பின்னணி வேறு, நோக்கம் வேறு, காலம் வேறு. ஆனால் இரண்டிலும் ஒரே கொலை நடக்கிறது.

‘வாடிவாசல்’ கதையில் ஜமீன்தாரின் காரிக்காளையைப் பிச்சி அடக்கிவிடுகிறான். தன் அப்பனைக் குத்திக் கொன்ற மாடு அது. யாராலும் தொட முடியாது என்று பேர் வாங்கிய மாடு. அன்றைக்கே ஆற்று மணலில் வெறிகொண்டு நின்ற காரியை ஜமீன்தார் தன் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறார். ‘மாமன்னன்’ படத்தில் ரத்னவேல் பந்தயத்துக்கென்று நாய் வளர்க்கிறான். அவன் நாய் ஒன்று பந்தயத்தில் தோற்கிறது. அதை அடித்தே கொல்கிறான்.

மாட்டின் மீது ஜமீன்தாருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரத்னவேலும் நாய்களோடுதான் வாழ்கிறான். பிறகு ஏன் கொல்கிறார்கள்? அந்த விலங்குக்குள் அவர்கள் வைத்திருந்தது தங்கள் கௌரவத்தை. பெட்டி உடைந்து உள்ளே இருந்தது களவு போய்விட்டால் பெட்டியை அடுப்பில் போடுவதுபோல, தோற்றுப் போன உடம்பைக் கண்முன் இல்லாமல் ஆக்குகிறார்கள்.

இது வெறும் கதை என்று சொல்கிறவர்கள் 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். தலித் இளைஞரான முருகேசனை மணந்துகொண்டதற்காகக் கண்ணகியைக் கொன்றவர்கள் அவரைப் பெற்று வளர்த்த குடும்பத்தார். முருகேசனைக் கொன்ற வெறி நமக்குப் புரிகிறது, அது நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது. வளர்த்த மகளையே எப்படிக் கொன்றார்கள் என்றுதான் அப்போது பலரும் கேட்டார்கள். ஜமீன்தார் எப்படிச் சுட்டாரோ அப்படித்தான். தன் மானத்தை இன்னொரு உடம்பில் ஒப்படைத்து வைத்திருக்கிறவன், அந்த உடம்பு தன் கையை மீறிய அன்றைக்கு அதைக் கொல்லத் தயங்க மாட்டான். மாட்டுக்கும் நாய்க்கும் மகளுக்கும் அவன் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே.

விலங்கைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் மனிதர்களைப் பற்றிய நம் கதைகளை இந்தக் கண்ணோடு திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். 2011 பொங்கலுக்கு வந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பேட்டைக்காரன் சேவக்கட்டில் பேர் போன ஆள். ஒரு சேவலைப் பார்த்து இது தேறாது, அறுத்துப் போடு என்கிறார். அவரிடம் தொழில் பழகிய கருப்பு அறுக்கவில்லை. அந்தச் சேவலையே களத்தில் இறக்கி ஜெயிக்கிறான். கதையின் அத்தனை வினையும் அங்கேதான் தொடங்குகிறது. எது தேறும், எது தேறாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அதிகாரம் தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று நம்பியவர் பேட்டைக்காரன். கழித்துப் போட்டது ஜெயித்துவிட்டால் அந்த அதிகாரத்துக்கு என்ன மரியாதை? சேவல் ஜெயித்தது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவமானமாகிவிட்டது. படத்தில் சாதி பெயர் சொல்லிப் பேசப்படவில்லை. ஆனால் ‘தேறாது’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சேவல் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைவிட நன்றாகத் தெரிந்தது போக்கிமான். சதோஷி தஜிரி என்ற ஜப்பானியர் உருவாக்கி 1996 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டு. சின்ன வயதில் பூச்சி பிடித்து விளையாடிய பழக்கத்திலிருந்து அவருக்கு வந்த யோசனை. அந்த உலகத்திலும் வேலை இதுதான்: பிடி, வளர், மோதவிடு. ஆனால் சட்டம் வேறு. பத்து வயதானால் யாரும் பயிற்சியாளராகலாம், அப்பன் பேர் கேட்பதில்லை. தோற்ற விலங்கு மயங்கி விழும், சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனால் எழுந்துவிடும். தொடரில் ஒரு கதை வரும். வலு இல்லை என்று சொல்லிச் சார்மாண்டரை ஒரு பாறை மேல் விட்டுவிட்டுப் போய்விடுகிறான் அதன் எஜமான். திரும்பி வருவான் என்று நம்பி மழையிலும் அது காத்துக் கிடக்கிறது. பார்க்கிற குழந்தைகள் எஜமானைத் திட்டுவார்கள், சார்மாண்டரைத் திட்ட மாட்டார்கள். ஆடுகளத்துச் சேவலும் அதுவும் ஒரே சாதி, கழித்துப் போடப்பட்ட சாதி.

அந்த உலகத்தையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. 1999இல் வந்த அடுத்த பதிப்பிலேயே குட்டி ஈன்றெடுக்கும் வசதி வந்துவிட்டது. வெறி பிடித்து ஆடுகிறவர்கள் பிறவியிலேயே பலம் கூடிய ஒரு குட்டிக்காக நூறு குட்டிகளைப் பொரிக்கவைத்து மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கும் புத்தி எந்த நாட்டு விளையாட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் போலிருக்கிறது.

நம் ஊரில் அது நாய் வழியாக நுழைந்தது. எங்கள் விருதுநகர் மாவட்டம் பட்டாசுக்குப் பேர் போனது மாதிரியே நாய்க்கும் பேர் போனது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப் பெயரையே இனப் பெயராகச் சுமக்கும் நாய்கள் இங்கிருந்து போனவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. ஜமீன் வீட்டுக் காவலும் வேட்டையும் இவற்றின் பூர்வ கதை. குட்டி வாங்கப் போனால் தாய் யார், தகப்பன் யார், கலப்பு உண்டா என்றுதான் பேச்சே தொடங்கும். சரி, ஜமீன் இல்லாத நாய்க்கு, தெருவில் பிறந்து தெருவில் வளரும் நாய்க்கு என்ன பெயர்? வெள்ளைக்காரன் வைத்தது ‘பரையா டாக்’. நம் தெருவில் வட்டமிடும் பருந்துக்கும் ‘பரையா கைட்’ என்றே பெயர் வைத்தான். ஒரு மக்களின் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத விலங்குக்குச் சூட்டினான். அந்தச் சொல்லை அவனுக்கு அந்தப் பொருளில் கற்றுக்கொடுத்தவர்கள் இங்கே இருந்தவர்கள்தான். விலங்கின் பெயர்ப்பலகையில்கூட ஊரும் சேரியும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த ரத்தத் தூய்மை வாதத்தைத்தான் எடுத்து அடித்து நொறுக்கினார். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் இனத்தால் வேறானவர்கள் அல்ல என்று காட்டினார். இனவிருத்திக்காரன் நாய்க்குச் சொல்லும் நியாயத்தை மனிதனுக்குச் சொல்ல முடியாது என்று நிறுவ ஓர் அறிஞர் இத்தனை பாடுபட வேண்டியிருந்தது என்பதே இந்தச் சமூகத்தின் லட்சணம்.

இதைத் திரையில் திருப்பிப் போட்டது மாரி செல்வராஜின் படங்கள். 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கருப்பியும் வேட்டை நாய்தான். ஜமீன் வீட்டு நாய் இல்லை, நம் பிள்ளைகளோடு குளத்தில் இறங்கிக் குளிக்கிற நாய். அதைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்கிறார்கள். பரியன் அதற்காக அழுகிறான், அதன் நிழல் அவன் கூடவே வருகிறது. ‘மாமன்னன்’ படத்தில் அதிவீரன் வளர்ப்பது பன்றி. பன்றியைப் பந்தயத்தில் ஓட்ட முடியாது, அதை வைத்து மீசை முறுக்க முடியாது. வளர்க்கிறான், அவ்வளவுதான். எதிரியின் நாய் எஜமானின் கௌரவத்தைச் சுமந்து ஓடித் தோற்றுச் சாகிறது. நம் பன்றி யாருடைய கௌரவத்தையும் சுமக்கவில்லை. இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் வெளியே நிலைமை அப்படி இல்லை. நம் பிள்ளைகளும் இன்றைக்கு மாடு வளர்க்கிறார்கள். சூலக்கரையில் என் அக்கா மகன் ஒரு காளை வளர்த்தான். அவன் வளர்த்தான் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். பட்டாசு ஆலைக்குப் போய்வந்த கூலியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டது, தண்ணி காட்டியது, சாணி அள்ளியது எல்லாம் அக்கா. மருந்து வாசம் போகக் குளித்துவிட்டு வந்துதான் மாட்டுக்குப் பக்கத்தில் போகும். பக்கத்து மாவட்டத்து ஊர் ஒன்றில் சல்லிக்கட்டுக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் போன மாடுகளுக்கெல்லாம் உரிமையாளர் பெயரோடு சாதிப் பட்டத்தையும் சேர்த்து மைக்கில் முழங்கினார்கள். எங்கள் முறை வந்ததும் மைக் வைத்திருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சூலக்கரையா? ஊருக்குள்ளயா தம்பி, காலனியா?” பையன் பதில் சொல்லவில்லை. “சூலக்கரை மாடு” என்று மட்டும் சொல்லி அவிழ்த்துவிட்டார்கள். மாடு நின்று விளையாடியது. பரிசாக ஒரு அண்டா தந்தார்கள். வண்டியில் திரும்பும்போது, “மாமா, மாட்டுக்குத்தான பரிசு, என் பேரக் கூடச் சொல்லலயே” என்றான். அக்கா பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, மைக்காரருக்கும் தோன்றவில்லை.

மதுரை மாவட்டத்தில் இப்போது மாட்டுக்கும் வீரருக்கும் இணையத்தில் பதிவு செய்கிறார்கள். டோக்கனில் சாதி கிடையாது. ஆனால் மைக்கில் இருந்தது. சாதிப் பெயரைச் சொல்லி மாடு அவிழ்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. அவனியாபுரத்தில் யார் விழாவை நடத்துவது என்ற தகராறு முற்றி, 2020இல் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரின் தலைமையில் நீதிமன்றமே குழு போட்டது. தமிழர் வீரவிளையாட்டு என்று உலகத்துக்கே சொன்னோமே, அந்தத் தமிழர் என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தீர்க்க நீதிபதி வர வேண்டியிருக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும். அப்படியானால் தடை கேட்டவர்கள் பக்கம் நிற்கிறாயா? 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இந்தப் பத்தாண்டு வழக்கில் மாட்டின் வலியைப் பேசினார்கள், தமிழனின் பண்பாட்டைப் பேசினார்கள். கயிறு பிடிக்கிற கை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பது இரண்டு பக்கத்துக்கும் முக்கியமாகப் படவில்லை. 2010இல் வந்த போக்கிமான் விளையாட்டில், விலங்குகளை விடுதலை செய்யுங்கள் என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசும் ஒரு கூட்டம் வரும். அதன் தலைவன் கெட்சிஸின் உண்மையான திட்டம் வேறு. மற்றவர்கள் எல்லாம் விட்டுவிட்டால் தான் மட்டும் வைத்துக்கொண்டு உலகை ஆளலாம் என்பது. கருணை பேசுகிறவர்கள் எல்லாரும் கெட்சிஸ் இல்லை. ஆனால் பால்காரரின் மாட்டையும் பன்றி வளர்ப்பவரின் கொட்டிலையும் அசிங்கம் என்று ஊரைவிட்டு விரட்டிவிட்டு, வாங்கிய உயர்சாதி நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடும் கருணையை நான் நம்பத் தயாராக இல்லை.

என் நிலை இதுதான். வாடிவாசலுக்குள் நம் மாடு போகும் உரிமையை ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பெயர் சொல்லி அவிழ்த்தால் எல்லார் பெயரையும் சொல்லட்டும், சாதியை யாருக்கும் சொல்லாமல் இருக்கட்டும், விழாக் குழுவில் காலனிக்கும் நாற்காலி போடட்டும். 1927இல் மகத் குளத்துக்கு அண்ணல் மக்களை அழைத்துப் போனது அந்தத் தண்ணீருக்குத் தனி ருசி இருந்ததால் இல்லை. நாமும் மனிதர் என்று நிலைநாட்டுவதற்காக. வாடிவாசலும் நமக்கு ஒரு குளம்தான். அதில் இறங்குவது உரிமை. அதற்காக அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாக்கித் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் இளைஞர்கள் சிலர் வண்டியின் பின்கண்ணாடியில் மாட்டுப் படம் ஒட்டி, அதன் கீழே நம் சாதிப் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவன் எழுதினால் நான் எழுதக் கூடாதா என்று கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் எழுதிய அன்றைக்கே உன் மானத்தை அந்த மாட்டின் முதுகில் ஏற்றிவிட்டாய். அது ஒருநாள் பிடிபடும். அன்றைக்கு அதை என்ன செய்வாய்? நாளைக்கு உன் தங்கை தன் விருப்பத்துக்கு ஒருவனைத் தேர்ந்தெடுப்பாள். அன்றைக்கு என்ன செய்வாய்? ஜமீன்தாரிடம் இருந்து நாம் பறிக்க வேண்டியது வாடிவாசலை. அவருடைய துப்பாக்கியை இல்லை.

அடுத்த தை மாதம் மாடு பிடிபட்டால், கட்டுத்தறிக்குக் கொண்டுவந்து தண்ணி காட்டுங்கள். பரிசு கிடைத்தால், சாணி அள்ளியவள் பெயரை முதலில் சொல்லுங்கள்.