நட்சத்திரமும் சைக்கிள் டியூபும்

பிள்ளைகள் அனிமே பார்த்தால் "என்ன பொம்மைப் படம்" என்று டிவியை அணைக்கும் அப்பாக்களுக்கு இந்தப் பதிவு.

1968-இல் ஜப்பான் டிவியில் வந்த 'கியோஜின் நோ ஹோஷி'தான் விளையாட்டு அனிமேக்களுக்கு முன்னோடி. அப்பா இட்டெட்சு பேஸ்பால் வீரர். போரில் தோள் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோனவர். மகன் ஹ்யூமாவுக்குச் சின்ன வயதிலேயே உடம்பில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி தருகிறார். வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அப்படி ஆகவேண்டும் என்கிறார்.

இதையே கிரிக்கெட்டாக மாற்றி 2012-இல் 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்று கலர்ஸ் சேனலில் இந்தியில் போட்டார்கள். மும்பை குடிசைப் பகுதிப் பையன். ஸ்பிரிங்குக்குப் பதில் சைக்கிள் டியூப்! நம்ம ஊர் அப்பா கைக்கு எது கிடைக்குமோ அது.

நட்சத்திரத்தைத்தான் எல்லோரும் குறியீடு என்பார்கள். எனக்கென்னவோ அந்த ஸ்பிரிங்தான் பெரிய குறியீடு. அப்பாவின் நிறைவேறாத ஆசையை மகன் உடம்பில் சுமக்கிறான். பிற்பாடு அப்பாவே எதிரணிப் பயிற்சியாளராகப் போகிறார். அவரை எதிர்த்துப் பந்து வீசும்போதுதான் ஹ்யூமா தனி ஆளாகிறான். கடைசியில் ஜெயிக்கிறான், ஆனால் இடது கை போய்விடுகிறது. அந்த விலையைக் கதை மறைக்கவில்லை.

எங்கள் முதலமடை மாங்காய் மற்ற ஊர்களுக்கு முன்பே சந்தைக்கு வரும். முந்திக் காய்த்தால் நல்ல விலை. வெளிநாட்டில் நாம் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறோம். அபாகஸ், கீபோர்டு, நீச்சல், டென்னிஸ்... நாம் கோட்டைவிட்டதை எல்லாம் அவர்கள் பிடிக்கவேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு எபிசோடு பாருங்கள். பார்த்து முடித்ததும், அவனுக்கு எந்த ஆட்டம் பிடிக்கும் என்று கேளுங்கள்.