கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது

கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே படித்து முன்னேறிவிடுவார்கள் என்று ஆளும் வர்க்கங்கள் ஓயாமல் சொல்லி வருகின்றன. இக்கூற்று எவ்வளவு பொய்யானது என்பதற்கு இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளே சான்று.

அங்கு அரசு நிதியில் நடைபெறும் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ‘ஆறாம் படிவம்’ என்னும் இறுதிப் பிரிவு உண்டு. பதினாறு வயதில் பொதுத்தேர்வை முடித்தவர்கள் மேலும் ஈராண்டு பயின்று ஏ லெவல் தேர்வு எழுதும் வகுப்புகள் அவை. நம் நாட்டின் 11, 12ஆம் வகுப்புகளுக்கு நிகரானவை. பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் முதன்மையான வழியும் அதுவே. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கியது. ஆயினும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளில் மிகப் பலர் ஆறாம் படிவத்தின் வாயிலை மிதிக்காமலேயே வேலைக்குச் சென்றனர். அவர்களைத் தடுத்தது கட்டணமன்று, வீட்டின் வறுமை. பதினாறு வயதுப் பிள்ளை கொண்டுவரக்கூடிய வாரக்கூலியை இழந்துவிட்டுப் படிக்க வைக்கும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருந்திருக்கும்?

இத்தடையை ஓரளவேனும் அகற்றியது, 2004இல் இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்த கல்வித் தொடர் உதவித்தொகை. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு, குடும்ப வருமானத்திற்கேற்ப வாரந்தோறும் 10, 20 அல்லது 30 பவுண்டு நேரடியாக வழங்கப்பட்டது. வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டும் என்பது நிபந்தனை. பேருந்துக் கட்டணம், மதிய உணவு, புத்தகம் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்த இத்திட்டத்தின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 56 கோடி பவுண்டு.

2008ஆம் ஆண்டு நெருக்கடியை உண்டாக்கியவை வங்கிகள். அதற்கு விலை கொடுத்தவர்களுள் இம்மாணவர்களும் அடங்குவர். கன்சர்வேட்டிவ் – லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு 2010இல் சிக்கனத்தின் பெயரால் இவ்வுதவித்தொகையை ஒழிப்பதாக அறிவித்தது; 2011இல் அது முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாக ஒதுக்கப்பட்டது 18 கோடி பவுண்டு மட்டுமே. அதிலும் பெரும்பகுதியை யாருக்கு, எவ்வளவு வழங்குவது என்பதைப் பள்ளி நிர்வாகங்களே முடிவு செய்யலாம் என்றாயிற்று. உரிமையாக இருந்தது, கேட்டுப் பெறும் சலுகையாகச் சுருங்கியது.

உதவித்தொகை இல்லாவிட்டாலும் பத்தில் ஒன்பது பேர் படிப்பைத் தொடர்ந்திருப்பார்கள், ஆகவே அது வீண்செலவு என்பது அவ்வரசின் வாதம். எஞ்சிய ஒருவர் என்ன ஆவார் என்பது அவர்களின் கணக்கில் ஒரு பொருட்டே அன்று. ஆறு லட்சத்தில் பத்தில் ஒன்று அறுபதாயிரம் என்பதைக் கூட்டிப் பார்க்கவும் அவர்கள் விரும்பவில்லை. மற்ற ஒன்பது பேர் படித்துக்கொண்டிருப்பார்கள் என்றே கொள்வோம். எவ்வாறு படிப்பார்கள்? மாலை முழுவதும் கடையில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுப்பாடத்தை நள்ளிரவில் எழுதுபவரும் தேர்வறையில் வசதி படைத்தவருக்குப் பக்கத்தில்தான் அமர்கிறார். வினாத்தாள் ஒன்றே என்பதால் போட்டி சமமாகிவிடாது.

இதைவிடக் கொடிய முரண்பாடு பின்னர் வந்தது. கல்வியிலோ பயிற்சியிலோ தொடர்ந்தாக வேண்டிய வயதை 2013இல் 17 ஆகவும், 2015இல் 18 ஆகவும் சட்டம் உயர்த்தியது. அதே காலத்தில், 16, 17 வயது மாணவர் ஒருவருக்கு அரசு வழங்கும் அடிப்படை நிதி, ஆண்டுக்கு 4,000 பவுண்டு என்ற அளவிலேயே 2013 முதல் 2020 வரை உறைந்து கிடந்தது. விலைவாசி ஏறியது, நிதி ஏறவில்லை. பிறமொழிப் பாடங்களையும் இசை, நாடகம் போன்றவற்றையும் அரசுப் பள்ளிகள் பலவும் கைவிட்டன. கட்டாயம் மாணவர்மீது சுமத்தப்பட்டது. கடமையிலிருந்து அரசு நழுவிக்கொண்டது.

பணமில்லை என்பது உண்மையான காரணமன்று. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகள் இவ்வுதவித்தொகையைக் கைவிடவில்லை. வேல்ஸ் 2023இல் அதனை வாரத்திற்கு 40 பவுண்டாக உயர்த்தியது. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது 2025 ஜனவரி முதல் 20 சதவீத வரி விதித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் பறிக்கப்பட்ட உதவித்தொகையை மீட்டளிக்க அதுவும் முன்வரவில்லை.

இந்த வாதங்கள் நமக்குப் புதியவை அல்ல. 2022இல் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை வழங்கப்பட்டு வந்த கல்வி உதவித்தொகையை ஒன்றிய பாஜக அரசு நிறுத்தியது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்வகுப்புகளில் இலவசக் கல்வி கிடைப்பதால் உதவி தேவையில்லை என்று காரணம் கூறியது. கட்டணம் இல்லாவிட்டால் செலவே இல்லை என்னும் அதே பொய்தான் இதுவும்.

நம் நாட்டில் அந்த உரிமையும் 6 முதல் 14 வயது வரையே நீள்கிறது. 9ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை, மிகவும் தேவைப்படும் பருவத்தில், சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. பதினான்கு வயதைக் கடந்தவர்களை ஆபத்தானவை எனப் பட்டியலிடப்படாத வேலைகளில் அமர்த்த, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடமளிக்கிறது. கல்வி உரிமை முடியும் வயதிலேயே உழைப்புச் சந்தையின் வாயில் திறக்கிறது, இது தற்செயலானதல்ல. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்று பேசுகிறது. ஆனால் அதற்கான சட்டத் திருத்தம் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தை 18 வயது வரை நீட்டிக்க வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் எவ்விதக் கட்டணமும் கூடாது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பயணம், உணவு, புத்தகம் ஆகியவற்றை ஈடுசெய்யும் உதவித்தொகை, அரசின் விருப்பத்திற்கு விடப்படாமல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். கொள்கை ஆவணத்தில் இருப்பதை ஒரு கையெழுத்தில் ஒழித்துவிடலாம் என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. மாணவர் அமைப்புகளும், ஆசிரியர் சங்கங்களும், தொழிற்சங்கங்களும் இணைந்து இக்கோரிக்கையை வீதிக்குக் கொண்டுவர வேண்டிய தருணம் இது.