பத்து லட்சம் சில்லு இலவசம், வாங்க ஆளில்லை!

போட்டி இருந்தால் விலை இறங்கும், தரம் ஏறும், முதலாளிகள் முட்டிமோதிக்கொள்ள வாங்குகிறவன் வாழ்வான் என்று பொருளாதாரப் பண்டிதர்கள் ஓயாமல் உபதேசம் செய்கிறார்கள். அந்த உபதேசத்தை ஒரே ஒரு சரக்கில் வைத்துப் பார்ப்போம். கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கும் பிராசஸர் என்ற சில்லுதான் அந்தச் சரக்கு. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆலை ஆபீசில் நம் சம்பளக் கணக்கைப் போடுகிற கம்ப்யூட்டருக்குள்ளும் இது இருக்கிறது.

மேஜைக் கம்ப்யூட்டருக்கான இந்தச் சில்லு வியாபாரத்தை நெடுங்காலமாகத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டவை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த இரண்டே கம்பெனிகள். 1968ல் தோன்றியது இன்டெல். 1969ல் தோன்றியது ஏ.எம்.டி. இவர்களுக்குள் போட்டி வந்த கதையே விசித்திரமானது. 1981ல் ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனி தன் கம்ப்யூட்டருக்கு இன்டெல் சில்லைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒரே ஒருவனை நம்பி இருக்க அது சம்மதிக்கவில்லை. அதே சில்லைச் செய்ய இன்னொருவனும் வேண்டும் என்றது. அந்தக் கட்டாயத்தில்தான் 1982ல் இன்டெல் ஏ.எம்.டி.யோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 386 என்ற புதுச் சில்லு வந்ததும், அதன் விவரத்தைத் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது! மத்தியஸ்தம், கோர்ட்டு, அப்பீல் என்று வழக்கு 1995 வரை இழுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமான சங்கதி. 2003ல் ஏ.எம்.டி. இன்டெல்லை மிஞ்சுகிற மாதிரி ஒரு சில்லைக் கொண்டுவந்தது. பண்டிதர்கள் சொன்னபடி பார்த்தால் நல்ல சரக்கு வென்றிருக்க வேண்டும் அல்லவா? இன்டெல் அப்போது எப்படி நடந்துகொண்டது என்பதை ஐரோப்பியக் கமிஷன் 2009 மே மாதம் தன் தீர்ப்பில் எழுதி வைத்தது. டெல், எச்.பி., லெனோவோ போன்ற கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு இன்டெல் தள்ளுபடி கொடுத்தது. வெறும் தள்ளுபடி அல்ல. உன் சரக்கு முழுவதையும், அல்லது ஏறக்குறைய முழுவதையும், என்னிடமே வாங்கினால்தான் தருவேன் என்ற தள்ளுபடி. மண்டிக்காரன் சில்லறைக் கடைக்காரனிடம், "எதிர்க்கடை மூட்டை ஒன்று உன் கடையில் இறங்கினாலும் இதுவரை கொடுத்த கழிவெல்லாம் போச்சு" என்று மிரட்டுவது போலத்தான்.

இதன் வேகம் எவ்வளவு என்பதற்கு அந்தத் தீர்ப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஏ.எம்.டி. ஒரு தயாரிப்பாளரிடம் போய், "10 லட்சம் சில்லுகள் இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்" என்றது. அவன் எடுத்துக்கொண்டது 1,60,000 மட்டுமே! முழுவதையும் எடுத்தால் மற்றச் சில்லுகளுக்கு இன்டெல் தரும் தள்ளுபடி பறிபோகும் என்ற பயம். சும்மா கொடுத்தாலும் விற்க முடியாத இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சுதந்திரச் சந்தையாம்! டெல் கம்பெனியின் கதை இதைவிட மோசம். ஒரு காலாண்டில் அதன் நடப்பு லாபத்தில் நூற்றுக்கு 76 பங்கு இன்டெல் கொடுத்த பணமே என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷன் 2010ல் குற்றம் சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 10 கோடி டாலர் கட்டி டெல் விஷயத்தை முடித்துக்கொண்டது.

தண்டனை? ஐரோப்பா 106 கோடி யூரோ அபராதம் போட்டது. இன்டெல்லுக்கு வக்கீல்களா பஞ்சம்? 2022ல் கோர்ட்டு அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2024ல் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எதிரியின் சரக்கைத் தாமதப்படுத்தவும் நிறுத்தவும் பணம் கொடுத்த குற்றம் மட்டும் நின்றது. அதற்காக 2023ல் புதிதாக 37 கோடியே 60 லட்சம் யூரோ விதித்தார்கள். ஏ.எம்.டி.யோ 2009 நவம்பரிலேயே 125 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டது. அத்தனை வருஷம் கூடுதல் விலை கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கியவனுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

போட்டியால் நன்மையே கிடையாதா? உண்டு; மறைப்பானேன்? 2017ல் ஏ.எம்.டி. எட்டு 'கோர்' கொண்ட ரைசன் சில்லை 499 டாலருக்கு இறக்கியது. கோர் என்பது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கோர் இன்டெல் சில்லுக்கு அப்போது ஆயிரம் டாலருக்கு மேல் விலை. சுமார் பத்து வருஷம் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு நாலு கோருக்கு மேல் தராத இன்டெல், அந்த வருஷமே ஆறு கோர் சில்லைக் கொண்டுவந்தது. அதன் எஞ்சினீயர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகவா ஞானம் பிறந்தது?

இந்தச் சண்டையில் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? 1972ல் இரு கம்பெனிகளுமே மலிவான கூலி தேடி, நம் மக்களும் பிழைக்கப் போன பினாங்குக்குப் போயின. சில்லுகளைக் கட்டிச் சேர்க்கும் வேலைக்கு இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தின. கடையில் எதிரிகள், கூலி விஷயத்தில் ஒரே ஊர், ஒரே வருஷம்! அங்கே மின்னணுத் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கம் கூடாதென்று மலேசிய சர்க்கார் வெகுகாலம் தடுத்தும் வைத்திருந்தது.

2024 ஆகஸ்டில், சந்தையில் சறுக்கிய இன்டெல் சுமார் 15,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. தோற்றவன் ஆட்குறைப்புச் செய்கிறான் என்பார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த ஏ.எம்.டி. அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை தன் சரித்திரத்திலேயே அதிகமான காலாண்டு விற்பனையைக் கண்டது. நவம்பரில் அதுவும் நூற்றுக்கு நாலு தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது.